மாதம் 30,000 ரூபாயில் மனநோயாளிகளுக்கு ஒரு ஹோம் நடத்த முடியுமா?

நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள், ஆனால் உள்ளே இருப்பது ஒன்றுதான். வியாசர்பாடியில் நீங்களும் நண்பர்களுமாகச் சேர்ந்து மாதம் 30,000 ரூபாய் திரட்ட முடியும். உங்கள் மூன்று தெருவுக்குள்ளேயே கடுமையான மனநோய் உள்ளவர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள், பாலத்துக்கு அடியில் ஒரு பெரியவர் படுத்திருக்கிறார். இவர்களுக்கு ஒரு ஹோம் தொடங்கலாமா என்பது முதல் கேள்வி. ஆப்பிரிக்காவில் டாக்டரே இல்லாமல், பாட்டிகளை பெஞ்சில் உட்கார வைத்தே மனநோயைச் சரி செய்கிறார்களாமே, உண்மையா என்பது இரண்டாவது. பணமும் டாக்டரும் குறைவாக உள்ள இடத்தில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) போன்ற நோய்க்கு உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா, இல்லை அது நம்மை நாமே தேற்றிக்கொள்ளச் சொல்கிற கதையா? நீங்கள் கேட்பது இதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் டாக்டர் இல்லை. மனநலத் துறையில் சமூகப் பணியாளராக 23 வருடம் ஓட்டியிருக்கிறேன், பாதி சென்னையில், பாதி காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று என்னிடம் கேட்காதீர்கள். மாத்திரைச் சீட்டு வீட்டுக்குப் போன பிறகு அங்கே என்ன நடக்கிறது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

ஹோம் வேண்டாம் தம்பி. நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்வர ஆள் ஒருவரை வேலைக்குப் போடுங்கள்.

ஹோம் ஏன் வேண்டாம் என்பதை ஒரு கணக்கில் முடித்துவிடலாம். பத்துப் பேரை வைத்துக்கொள்ளும் இடத்தில் பகலுக்கும் இரவுக்கும் விடுமுறைக்கும் சேர்த்துக் குறைந்தது மூன்று ஊழியர் வேண்டும். ஆளுக்கு 12,000 என்று பார்த்தாலே 36,000 ஆகிவிட்டது. வாடகை, அரிசி, பருப்பு, கரண்ட் எல்லாம் அப்புறம். சட்டம் வேறு இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோய் உள்ளவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இடமும் மாநில மனநல ஆணையத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் தடவையே 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் லட்சங்களுக்குப் போகும். இந்தக் கெடுபிடி சும்மா வந்ததில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டி வைத்திருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்தக் காப்பகங்களிலும் ஒரு காலத்தில் யாரோ இரக்கப்பட்டு நாலு பேருக்குச் சோறு போட ஆரம்பித்திருக்கக்கூடும். ஆள் பற்றாத இடத்தில் முதலில் வருவது பூட்டு, அடுத்து வருவது சங்கிலி. நல்ல எண்ணத்தோடு தொடங்கிய இடங்களிலும் நான் பூட்டைப் பார்த்திருக்கிறேன்.

பாட்டிகள் விஷயம். அது உண்மைதான், ஆனால் நீங்கள் நினைக்கிற நோய்க்கு இல்லை. ஜிம்பாப்வேயின் ஹராரேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் தொடங்கிய 'நட்பு பெஞ்ச்' அது. அக்கம்பக்கத்துப் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார மையத்து வாசலில் மர பெஞ்சில் உட்கார வைத்து, வருகிறவர்களின் கஷ்டத்தைக் கேட்டு வழிகாட்டச் செய்தார்கள். 573 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2016-ல் வெளியானது. பாட்டிகளிடம் பேசியவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் நன்றாகவே குறைந்திருந்தன. ஆனால் காதில் குரல் கேட்கிறவர்களை, யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று நம்புகிறவர்களை அந்த ஆய்விலேயே சேர்க்கவில்லை, மேல் சிகிச்சைக்கு அனுப்பிவிட்டார்கள். மனச்சோர்வுக்குப் பலன் தந்த வழியை மனச்சிதைவுக்கும் அப்படியே நீட்டிவிடுவது பத்திரிகைகளில் அடிக்கடி நடக்கிற குழப்பம். காய்ச்சலுக்குக் கஷாயம் கேட்டது என்பதற்காக டிபிக்கும் கஷாயம் போதும் என்று விடமாட்டோம் இல்லையா?

சரி, கடுமையான மனநோய்க்குச் சாதாரண ஆட்கள் உதவ முடியுமா? முடியும். டாக்டருக்குப் பதிலாக வேண்டாம், டாக்டரோடு கூட இருந்தால் முடியும். இதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. மனச்சிதைவு நோயாளிகளுக்கான சென்னை ஸ்கார்ஃப் அமைப்பைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கியது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் கட்டியது அது. அவர்களும் வேறு சிலரும் சேர்ந்து காஞ்சிபுரம், கோவா, மகாராஷ்டிராவின் சதாரா ஆகிய மூன்று இடங்களில் 282 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். 95 பேருக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை. 187 பேருக்கு அதோடு, உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து போவதும் உண்டு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஆள் வந்துபோன வீடுகளில் நோயின் குறிகளும் அன்றாட வேலைகளில் உள்ள முடக்கமும் கூடுதலாகக் குறைந்திருந்தன. 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது.

இதைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதிக்க வேண்டாம். அந்த வித்தியாசம் மிதமானதுதான், அதை ஆய்வு செய்தவர்களே சொல்கிறார்கள். நோய் வெளியே தெரிந்தால் அவமானம் என்கிற களங்க உணர்விலும் குடும்பத்தின் பாரத்திலும் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. செலவும் கூடுதலாகத்தான் ஆனது. இந்த முறை, வேறு சேவை எதுவும் இல்லாத கிராமப்புறங்களில் முதல் ஏற்பாடாகத்தான் நன்றாகப் பொருந்தும் என்று முடித்திருந்தார்கள். எத்தியோப்பியாவில் 166 பேரை வைத்து நடந்த இன்னொரு ஆய்வு 2022-ல் வந்தது. சுகாதார மையத்துச் சிகிச்சையோடு, மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர்ப் பணியாளர்கள் ஒரு வருடம் வீடு வீடாகப் போனார்கள். அங்கேயும் முடக்கம் குறைந்தது. இப்படிப் பலனைக் காட்டிய ஆய்வுகளில் எல்லாம் மருந்து பின்னால் இருந்தது, மேற்பார்வை செய்ய ஒரு நிபுணர் இருந்தார். அந்த இரண்டையும் கழித்துவிட்டு 'சமூகப் பராமரிப்பு' என்று சொல்வதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். நான் உண்மையில் சொல்ல வந்தது இதைத்தான். 'குறைந்த செலவு' என்று யார் சொன்னாலும், யாருடைய செலவு குறைகிறது என்று கேளுங்கள். மாத்திரை விலை பெரிய விஷயமே இல்லை. அரசு மருத்துவமனையில் இலவசம், வெளியே வாங்கினாலும் சாதாரண மருந்துகள் மாதம் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் அயனாவரமும் பக்கம்தான். அயனாவரத்தில் இருக்கிற அரசு மனநலக் காப்பகத்தைத்தான் ஊரே 'கீழ்ப்பாக்கம்' என்கிறது. 1794-ல் தொடங்கிய மருத்துவமனை, கேலிப் பேச்சில் மட்டும் வாழ்கிறது. மருந்தும் டாக்டரும் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் உங்கள் தெருவில் ஐந்தாறு பேர் சிகிச்சை இல்லாமல் இருக்கிறார்கள். 2015-16-ல் பெங்களூரில் உள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பும் இதையேதான் காட்டியது. தமிழ்நாடும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. மனச்சிதைவு வகை நோய் உள்ளவர்களில் நாலில் மூன்று பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை.

ஏன் என்று ஒரு வீட்டை வைத்துச் சொல்கிறேன். புளியந்தோப்புப் பக்கம் ஓர் அம்மா, பூ வியாபாரம். விடியற்காலை நாலு மணிக்குக் கோயம்பேடு போனால்தான் பூ மலிவாகக் கிடைக்கும். மகனுக்கு 24 வயதில் நோய் வந்தது. இரவெல்லாம் தூங்கமாட்டான், எதிர்வீட்டுக்காரர் தன்னை செல்போனில் படம் பிடிக்கிறார் என்று கல்லெடுப்பான். அம்மா கோயம்பேட்டுக்குப் போவதை நிறுத்தினார். தெருமுனையில் இன்னொருவரிடம் கூடுதல் விலைக்கு வாங்கி, வாசலிலேயே உட்கார்ந்து கட்டி விற்றார். ஓபி நாள் என்றால் அன்றைக்கு வியாபாரமே கிடையாது. போகவர, வரிசை, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு முழு நாள். 2021-லிருந்து பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பது இந்த மாதிரி அம்மாக்களுக்கு எவ்வளவு பெரிய மனநலத் திட்டம் என்று யாரும் கணக்கெடுத்த மாதிரி தெரியவில்லை. நடுவில் மந்திரிப்பு, தாயத்து, ஒரு ஜோசியர் என்று வட்டிக்கு வாங்கிச் செலவழித்தது தனி. அரசாங்கக் கணக்கில் இந்தக் குடும்பத்துக்கு ஆன செலவு பூஜ்யம். அம்மாவின் கணக்கில் மூன்று வருட வருமானம் போய்விட்டது.

பெங்களூரைச் சுற்றியுள்ள கிராமங்களில், சிகிச்சை பெறாமல் இருந்த 100 பேரைத் தேடிக் கண்டுபிடித்து, மருந்து கொடுத்து, ஒன்றரை வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 2005-ல் வெளியான ஆய்வு. சிகிச்சைக்குச் செலவு ஆனது உண்மை. ஆனால் மந்திரவாதி, நாட்டு வைத்தியம் என்று அலைந்த செலவும், வீட்டார் நோயாளிக்காக ஒதுக்கிய நேரமும் குறைந்து அதை ஈடுகட்டிவிட்டன. புளியந்தோப்பு அம்மாவிடமும் அதைத்தான் பார்த்தேன். மகனுக்கு மாதம் ஒரு தடவை போடும் ஊசியை டாக்டர் தொடங்கினார். ஆறாவது மாதம் அம்மா திரும்பக் கோயம்பேடு போக ஆரம்பித்தார். மகன் முழுசாகக் குணமாகிவிட்டான் என்று நான் சொல்லவே இல்லை, இன்றைக்கும் அவனுக்குக் குரல் கேட்கிறது. ஆனால் காலை நாலு மணிக்கு அவனை வீட்டில் தனியே விட்டுவிட்டுப் போக முடிகிறது. எனக்கு எந்த அளவுகோலையும்விட இது நன்றாகப் புரிகிறது.

நீங்கள் வேலைக்குப் போடும் அந்த ஆள் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். முதல் இரண்டு மாதம் ஒன்றுமே செய்யமாட்டார், சும்மா போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார். பணம் கொடுப்பவர்களுக்கு இந்த இடத்தில்தான் பொறுமை போய்விடும். அப்புறம், மாத்திரை தீருவதற்கு நாலு நாள் முன்னால் நினைவூட்டுவார். ஓபிக்குக் கூடப் போவார். அங்கே டாக்டருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் வீட்டார் அழுவார்கள், சொல்ல வேண்டியதைச் சொல்லமாட்டார்கள். 'பத்து நாளாகத் தூக்கமில்லை, சாப்பாட்டைக் கழுவிச் சாப்பிடுகிறார், கை நடுங்குகிறது' என்று உங்கள் ஆள் மூன்று வரியில் எழுதிக் கொடுப்பார். கை நடுக்கம், எச்சில் வடிதல், உடம்பு விறைப்பு இதெல்லாம் வந்தால் வீட்டில் 'தூக்க மாத்திரை கொடுத்துப் பையனைப் பொம்மை ஆக்கிட்டாங்க' என்று சொல்லி எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியாது. எடை ஏறுகிறதா, சர்க்கரை பார்த்தார்களா என்றும் கவனிப்பார். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து இருபது வருடம் முன்னதாகவே இறந்துபோகிறார்கள், அதில் பெரும்பங்கு இதயம், சர்க்கரை போன்ற சாதாரண நோய்களால்தான். நம் ஊரில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று பிபி, சுகர் மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறார்கள் இல்லையா? அந்த அக்காவைப் பிடித்துப் பழக்கம் செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

மாத்திரையைத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. எல்லா வீட்டிலும் நடக்கிறது, எந்த வீட்டிலும் சொல்லமாட்டார்கள். நான் கோபப்பட்டதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு வேறு வழி தெரிந்திருக்காது. ஆனால் 'என் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள்' என்று பயப்படுகிற ஒருவருக்கு, நிஜமாகவே சாப்பாட்டில் கலந்து கொடுத்துவிட்டு, அது உன் மனப்பிரமை என்று எப்படிச் சொல்வது? கண்டுபிடித்த நாளோடு அம்மா கையால் சாப்பிடுவதையே நிறுத்திய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். உங்கள் ஆள் இதை முதல் வாரத்திலேயே தடுக்கப் போய் வீட்டாரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் சொல்லி, நோயாளியிடமே ஊசியைப் பற்றிப் பேசி, மெதுவாக மாற்றலாம்.

யாரைப் போடுவது? படித்தவரா, படிக்காதவரா என்பது அவ்வளவு முக்கியமில்லை. அதே தெரு ஆளைப் போடாதீர்கள். 'சமூகப் பணியாளர் அந்தச் சமூகத்திலிருந்தே வர வேண்டும்' என்று பயிற்சிப் புத்தகங்களில் இருக்கும். எங்கள் அனுபவத்தில் பக்கத்து ஏரியாக்காரர்தான் சரிப்படுகிறார். அதே தெருவில் அவருக்கு ஒரு நாத்தனார் இருப்பார், பொண்ணு பார்க்க வரும்போது பேச்சு கசியும் என்று வீட்டார் பயப்படுவார்கள், அந்தப் பயம் நியாயமானதும்கூட. கழுத்தில் 'மனநலம்' என்று எழுதிய அடையாள அட்டையோடு போகவும் வேண்டாம். நான் ஒரு காலத்தில் ரேஷன் கார்டு விஷயமாக வந்திருக்கிறேன் என்றே சொல்லிக்கொண்டு போவேன். பொய்யும் இல்லை, நிறையப் பேருக்கு ரேஷன் கார்டில் பெயரே இருக்காது. மாற்றுத்திறனாளி அட்டையும் அப்படித்தான். 2016 சட்டப்படி மனநோயால் வரும் முடக்கமும் மாற்றுத்திறன் கணக்கில் வரும், 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் சலுகைகளுக்கு வழி பிறக்கும். அதற்கு அலைவதற்கும் ஒரு ஆள் வேண்டும்.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்யாமல் இருக்க. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பையன், 11 மாதம் நன்றாக இருந்தான். மெக்கானிக் ஷெட்டில் வேலைக்கும் போனான். எனக்கு வேறு வீடுகள் சேர்ந்துவிட்டன, இவன் வீட்டுக்குப் போவதை நிறுத்தி மாதம் ஒரு போன் என்று மாற்றினேன். போன் போட்டால் அம்மா 'நல்லா இருக்கான்மா' என்பார். அந்த அம்மா மகள் பிரசவத்துக்குத் திண்டிவனம் போய் மூன்று மாதம் அங்கேயே இருந்திருக்கிறார், போனை அங்கிருந்துதான் எடுத்திருக்கிறார். மாத்திரை எடுத்துக் கொடுக்க வீட்டில் யாரும் இல்லை. பையன் ஒரு நாள் ஷெட்டிலிருந்து கிளம்பியவன் திரும்பவில்லை. 40 நாள் கழித்து விழுப்புரத்தில் ஒரு கோயில் வாசலில் கிடைத்தான், காலில் புண்ணோடு. அதற்கப்புறம் நான் எந்த வீட்டிலும் கேட்கிற முதல் கேள்வி, 'நீங்க ஊருக்குப் போனா மாத்திரை யார் கொடுப்பாங்க?' என்பதுதான். அம்மா காலத்துக்குப் பிறகு யார் என்ற பெரிய கேள்வியும் இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால்தான் வரும். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

நம் ஊரில் குடும்பம் கூட இருப்பதால் வெள்ளைக்காரர்களைவிட இங்கே சீக்கிரம் குணமாகிறது என்று கேள்விப்பட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். 1960-களின் கடைசியில் உலக சுகாதார நிறுவனம் ஆக்ரா உள்பட பல நாட்டு ஊர்களில் தொடங்கிய ஆய்விலிருந்து வந்த பேச்சு அது. இங்கே சென்னையிலும் 1981-லிருந்து, நோய் புதிதாக வந்த 90 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். பத்து வருடத்தில் பெரும்பாலானவர்கள் நன்றாகவே தேறியிருந்தார்கள். இது பெருமைப்பட வேண்டிய சேதிதான். ஆனால் அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான டாக்டர் ஆர். தாராவும் வேறு சிலரும் சேர்ந்து, ஏழை நாடுகளில் பலன் நன்றாக இருக்கும் என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளலாமா என்று 2008-ல் ஒரு கட்டுரையில் கேட்டார்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் படம் அவ்வளவு தெளிவாக இல்லை. ஆகவே இதைச் சந்தேகப் பட்டியலில் வையுங்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களைத்தான் நாம் எண்ணுகிறோம், வீட்டுப் பின்கட்டில் பூட்டிக் கிடப்பவர்களை எண்ணுவதில்லை என்பது என் சந்தேகம். குடும்பம் என்பதும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. ஆணுக்கு நோய் வந்தால் 'கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்' என்பார்கள், பெண்ணுக்கு வந்தால் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

கோயில், தர்கா விஷயத்தில் உங்கள் ஆட்கள் சண்டைக்குப் போக வேண்டாம். தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரைப் பெங்களூர் மருத்துவர்கள் கவனித்து 2002-ல் எழுதினார்கள். மருந்து எதுவும் இல்லாமலே நோய்க் குறிகள் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தன. சின்ன ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை, அதனால் ரொம்ப இழுக்க முடியாது. ஆனால் யாரும் விரட்டாத, வேலை கொடுத்துக் கூட வைத்துக்கொள்கிற இடத்தில் மனம் கொஞ்சம் அமைதியாகும் என்பதை நம்ப எனக்குக் கஷ்டமில்லை. கயிறு கட்டட்டும், விபூதி போடட்டும். மாத்திரையை நிறுத்தச் சொன்னால், கட்டி வைத்தால், அங்கே மட்டும் நிற்கவும். சங்கிலியால் கட்டுவது சட்டப்படியே கூடாது.

உங்கள் 30,000-த்தை நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன். பணியாளர் சம்பளம் 18,000. அவருக்குப் போன், பஸ், ஷேர் ஆட்டோ என்று 2,000. மருத்துவமனையில் மருந்து 'ஸ்டாக் இல்லை' என்று சொல்லும் வாரங்களுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் 4,000. மாதம் ஒரு தடவை வீட்டார் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து டீ, சுண்டல் கொடுக்க 1,500. இதை வீண் செலவு என்று நண்பர்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள். நமக்கு மட்டும்தான் இந்தத் தலைவிதி என்று பத்து வருடம் நினைத்திருந்த ஓர் அப்பா, அங்கே இன்னோர் அப்பாவைப் பார்ப்பார். மீதி 4,500 அவசரத்துக்கு, நடுராத்திரி ஆட்டோவுக்கு. இந்தப் பணத்தில் ஒரு ஆள் 25 பேர் வரை பார்க்கலாம், முதல் ஆறு மாதம் பத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு வருடத்துக்குப் பணம் உறுதியாக இருந்தால் மட்டும் தொடங்குங்கள். ஆறு மாதம் வந்துவிட்டு நின்றுபோகிற ஆளைவிட, வராமலே இருப்பது அந்தக் குடும்பங்களுக்கு மேல். ஆள் சேர்ப்பதற்கு முன்பே பக்கத்து அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஒரு டாக்டரிடமோ சமூகப் பணியாளரிடமோ பேசி, வாரம் ஒரு போனுக்காவது ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அது கிடைக்காவிட்டால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம் என்பேன்.

உங்கள் ஆளால் முடியாதவையும் உண்டு. சாகப் போகிறேன் என்கிறவர், சாப்பாடு தண்ணீர் இறங்காமல் சிலை மாதிரி உட்கார்ந்துவிட்டவர், கத்தி எடுத்தவர், முதல் தடவையாக நோய் வெடித்தவர், பிரசவமாகி ஒரு மாதத்துக்குள் புத்தி தடுமாறிய பெண், இவர்களுக்கெல்லாம் அன்றைக்கே மருத்துவமனைதான். சமூகப் பராமரிப்பு நன்றாக நடக்க வேண்டுமானால் பின்னால் நாலு படுக்கை இருந்தே ஆக வேண்டும். படுக்கைகளை மூடிவிட்டு 'சமூகம் பார்த்துக்கொள்ளும்' என்றால் அம்மா பார்த்துக்கொள்வாள் என்றுதான் அர்த்தம். ராத்திரி யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது.

கடைசியாக, பாலத்துக்கு அடியில் இருக்கும் பெரியவர். அவருக்கு இதெல்லாம் பொருந்தாது, திரும்பிப் போக வீடு இல்லை. இப்படி ஆதரவில்லாமல் சுற்றுகிறவரைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது. சென்னைக் காவல்துறையில் 'காவல் கரங்கள்' என்று இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. 1993-லிருந்து தெருவில் கிடக்கும் மனநோயாளிப் பெண்களை எடுத்துப் பார்க்கும் பேன்யன் அமைப்பு, தேறியும் போக இடமில்லாதவர்களை ஊருக்குள்ளேயே சாதாரண வாடகை வீடுகளில் நாலைந்து பேராகக் குடிவைக்கிறது. அந்த மாதிரி இடங்களைத்தான் 'ஹோம்' என்று சொல்ல எனக்கு மனசு வரும். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அவர் யாரிடமும் பேசுவதில்லை, டீக்கடைக்காரர் கொடுத்தால் மட்டும் வாங்கிக் குடிப்பார் என்று எழுதியிருந்தீர்களே, அந்த டீக்கடைக்காரரிடம் பேசுங்கள். போலீஸ் வண்டி வருகிற அன்று அவர் பக்கத்தில் நிற்க ஒத்துக்கொள்வாரா என்று கேட்டு வையுங்கள். காலை வியாபார நேரத்தில் கேட்காதீர்கள், பதினோரு மணிக்கு மேல் போங்கள்.